துளையிடாத துப்பாக்கி

டேனர்ஸ் ஃபோர்க், பென்சில்வேனியா
17 ஆகஸ்ட் 1997

அன்புள்ள டார்லீன் அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதிவிட்டேன். அரிசோனா வெயிலில் நீயும் ரே மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முதுகு தேவலையா?

என் டிரெய்லர் வீட்டு போனை வெட்டிவிட்டார்கள். மர மில்லில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. இனிமேல் தபால்தான்.

அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தாகிவிட்டது. ஜன்னலோரக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம். மாதம் மூவாயிரத்து நூறு டாலர். நாற்பது வருஷம் தோல் பதனிடும் ஆலையில் கை வெந்து உழைத்த மனுஷனுக்கு ஆலையை மூடும்போது ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தை வைத்து இந்த இல்லத்தில் அரைநாள் கூடப் படுக்க முடியாது. அவருக்குச் சில நாள் என்னை அடையாளம் தெரிகிறது. சில நாள் "தம்பி, நீ யார் வீட்டுப் பையன்?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.

அப்பா இருந்த வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். மேசை நாற்காலிகளைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன். சமையலறைச் சுவரில் மான் கொம்பில் மாட்டியிருந்த துப்பாக்கியை மட்டும் என்னிடம் எடுத்து வந்துவிட்டேன். அது யாருக்கு என்பது உனக்கே தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதாகி முதல் வேட்டை லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கே அப்பா சொன்னார், "நான் போனா இது உனக்குடா." இப்போது அவர் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அரசு உதவிக்கான தாள்களை நீ பார்த்துக்கொள். கையெழுத்து அதிகாரம் உன்னிடம்தான் இருக்கிறது. எனக்கு அந்தத் தாள்களைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது.

உன் தம்பி,
கர்ட்டிஸ்


டூசான், அரிசோனா
29 ஆகஸ்ட் 1997

அன்புள்ள கர்ட்டிஸ்,

உன் கடிதம் வந்தது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மாமா இன்னும் வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் எனக்குக் கேன்டீனில் முழு நேரம் வேலை. நாங்கள் சமாளித்துவிடுவோம்.

துப்பாக்கி விஷயத்தைப் பொறுமையாகப் படி. அப்பா பெயரில் மொத்தம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் இல்லத்துக்கு அரசு ஒரு காசு கட்டாது. வங்கியில் இருப்பதே ஆயிரத்துத் தொள்ளாயிரம். அப்பாவின் டிரக்கை விற்ற பணத்தை இல்லத்துக்கே கட்டிவிட்டேன். "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள். பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று உண்டு என்று எழுதிவிட்டேன். பொய் சொல்ல எனக்குப் பயம்.

அதனால் நீ அதைச் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. சும்மா கொடுத்தால் தானம் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு, அந்த மதிப்புக்கு ஏற்ற நாட்களுக்கு அப்பாவுக்குக் கட்டமாட்டார்கள். நீ சந்தை விலை கொடுத்து அப்பாவிடமிருந்து அதை வாங்க வேண்டும். பணம் அப்பா கணக்குக்குப் போகும், அங்கிருந்து இல்லத்துக்குப் போகும். துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவரிடம் மதிப்பை எழுதி வாங்கி அனுப்பு. அறுபது வயதுத் துப்பாக்கி, இருநூறு டாலர் பெறுமா? அவ்வளவுதானே.

கம்பளிச் சட்டை போட்டுக்கொள். அங்கே செப்டம்பரிலேயே குளிரும்.

அக்கா,
டார்லீன்


டேனர்ஸ் ஃபோர்க்
14 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்கா,

இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. உங்கள் இருவர் உடம்பும் தேவலை என்று நம்புகிறேன்.

என் அப்பாவின் துப்பாக்கியை என் அப்பாவிடமே நான் விலைக்கு வாங்க வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதினவன் வீட்டுச் சுவரில் என்ன மாட்டியிருப்பான்?

மெர்ல் கடைக்குப் போனேன். தூண்டில், தோட்டா, பழைய துப்பாக்கி விற்பாரே, அவர்தான். துப்பாக்கியைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தார்.

"எங்கடா இருந்துச்சு இது?"

"கிச்சன் சுவத்துல."

"ஒரு திருகுல கூட ஸ்க்ரூடிரைவர் படலடா. முப்பத்தெட்டுல செஞ்ச வின்செஸ்டர். இந்த குண்டு சைஸ்ல அவங்க செஞ்சதே கொஞ்சம். இந்த ஊர்ல வேற எவன்கிட்ட இருந்திருந்தாலும் டெலஸ்கோப் மாட்டறேன்னு பின்னாடி இரும்புல ரெண்டு ஓட்ட போட்டிருப்பான். தோள் வலிக்குதுன்னு அடிக்கட்டைய அறுத்து ரப்பர் ஒட்டியிருப்பான். உங்கப்பன் மட்டும் எப்படிடா சும்மா இருந்தான்?"

"அவருக்குக் கண்ணும் நல்லா இருந்துச்சு, தோளும் நல்லா இருந்துச்சு."

"ரெண்டாயிரத்து நானூறு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பிட்ஸ்பர்க்ல ஒரு பல் டாக்டர் இருக்கார். துளை போடாததத்தான் தேடிட்டிருக்கார். போன் பண்ணினா ஓடி வருவார்."

"அவர் மான் சுடுவாரா?"

"சுடவா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பார்."

"நான் வாங்கறதுன்னா?"

"உங்கிட்ட எவ்வளவு இருக்கு?"

"அறுநூறு."

"அறுநூறுக்குத் துளை போட்டது மூணு இருக்குடா. எது வேணுமோ எடுத்துக்க. உங்கப்பனுது மாதிரியே சுடும். டாக்டருக்குத்தான் பிடிக்காது."

மதிப்புச் சீட்டை எழுதித் தரவா என்றார். வேண்டாம், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதி வாங்கினால் அந்த விலை நிலைத்துவிடும்.

அக்கா, அறுநூறு என்று எழுதிக்கொள்ள முடியாதா? மில்லில் சனிக்கிழமையும் கூப்பிட்டால் எழுநூறு. அப்பா அந்தத் துப்பாக்கியில் விரல் பட்ட இடத்தையெல்லாம் அன்றைக்கே எண்ணெய்த் துணியால் துடைப்பார். நம் இருவரையும் அப்படி ஒருநாளும் கவனித்ததில்லை. அது எனக்கு வேண்டும்.

கர்ட்டிஸ்


டூசான்
25 செப்டம்பர் 1997

அன்புள்ள தம்பிக்கு,

குளிர் வந்தால் அப்பாவுக்கு வருகிற இருமல் தொடங்கவில்லையே? அவருக்கு அங்கே வெந்நீர் கொடுக்கிறார்களா என்று பார். இங்கே நாங்கள் நலம்தான்.

உன் கடிதத்தை மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். முடியாது, கர்ட்டிஸ். இரண்டாயிரத்து நானூறு பெறும் பொருளுக்கு நீ அறுநூறு கொடுத்தால் மிச்சத்தைத் தானம் என்றுதான் எழுதுவார்கள். அரை மாதத்துக்கு மேல் இல்லத்துக்குப் பணம் வராது. கையெழுத்துப் போட்டவள் நான். பில் எனக்கு வரும். இங்கே இருக்கும் நிலைமையை நான் எழுதவில்லை, நீயும் கேட்காதே.

அரசு உதவி அலுவலகத்தில் அப்பாவின் கோப்பைப் பார்க்கும் அம்மா கடைக்காரர் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

துப்பாக்கி அடிபட்டு, துருப்பிடித்து, கெட்டுப்போய் இருந்தால் விஷயமே வேறு. மதிப்புக் குறைவு, அதற்கான விலை குறைவு, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்பா அதை அவ்வளவு நன்றாக வைத்திருந்ததுதான் நம் கெட்ட நேரம்.

அந்தப் பல் டாக்டருக்கே கொடுத்துவிடுவோம். மனதைத் தேற்றிக்கொள்.

டார்லீன்


டேனர்ஸ் ஃபோர்க்
12 அக்டோபர் 1997

அன்புள்ள அக்கா,

சுகம். அங்கேயும் சுகம்தானே?

துப்பாக்கியைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு வழி இருக்கிறது. நேர்மையான வழிதான், நீ சொன்னது போலவே. யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் சீட்டு வாங்கி அனுப்புகிறேன்.

மலையில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மில்லில் யாரும் இல்லாதபோது கொஞ்சம் சொந்த வேலை பார்த்தேன். கட்டைவிரலில் சின்ன வெட்டு. அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது.

அப்பா நேற்று என்னை அடையாளம் கண்டுகொண்டார். "திங்கக்கெழம எப்படா?" என்றார். மான் வேட்டை திறக்கும் திங்கட்கிழமையைத்தான் கேட்கிறார். டிசம்பர் ஒன்று என்றேன். "துப்பாக்கிக்கு எண்ணெ போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன்.

கர்ட்டிஸ்


டூசான்
20 அக்டோபர் 1997

அன்புள்ள கர்ட்டிஸ்,

கை ஆறிவிட்டதா? மஞ்சளாகக் கசிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போ. செலவு பார்க்காதே. பார்க்கத்தான் செய்வாய், தெரியும்.

நீ சொல்கிற வழி எனக்குப் புரியவில்லை. இனி அது தேவையும் இல்லை. அலுவலகத்து அம்மா மெர்லுக்கு செப்டம்பர் கடைசியிலேயே போன் செய்திருக்கிறார். இரண்டாயிரத்து நானூறு என்று அவர் சொன்னதைக் கோப்பில் பதிந்துவிட்டார். ஒரு விதத்தில் நல்லதுதான், இனி இழுபறி இல்லை. அந்த அம்மா கெட்டவரில்லை. அவரே ஒரு விதியைத் தேடிச் சொன்னார். துப்பாக்கி விற்ற பணத்தை அப்பாவின் அடக்கச் செலவுக்கென்று முன்கூட்டியே கட்டி வைக்கலாமாம், அதைச் சொத்துக் கணக்கில் சேர்க்கமாட்டார்களாம். இல்லம் அதை விழுங்கப் போவதில்லை, கர்ட்டிஸ்! ஓக் மரப் பெட்டி, அம்மாவுக்குப் பக்கத்தில் இடம், பெயர் வெட்டின கல், எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு. நான் விசாரித்துவிட்டேன். அப்பாவே தன் பெட்டியை வாங்கிக்கொள்வது போல.

மெர்லிடம் நம்பர் வாங்கி அந்த டாக்டரோடும் பேசினேன். நவம்பர் எட்டாம் தேதி கடைக்கு நேரில் வருகிறார், முழு விலை தருகிறார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போ. உனக்குக் கஷ்டம்தான். ஆனால் நான் மூன்று மாதத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்கா,
டார்லீன்


டூசான்
11 நவம்பர் 1997

கர்ட்டிஸ்,

நீ நலமா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. ஒரு வரி இல்லை உன்னிடமிருந்து.

டாக்டர் எனக்குப் போன் செய்தார். "வாங்கறதுக்கு இல்லீங்க" என்றார். ஏன் என்றேன். "உங்க தம்பிய கேளுங்க" என்றார். மெர்லைக் கூப்பிட்டேன். அவரும் அதே பாட்டு, "அத உங்க தம்பியே சொல்லட்டும்மா." எல்லோரும் உன்னைக் கேட்கச் சொல்கிறார்கள், உனக்கோ போன் இல்லை.

துப்பாக்கி எங்கே? விற்றுவிட்டாயா? சூதாடினாயா? எதுவாக இருந்தாலும் எழுது. அலுவலகத்தில் பதினேழாம் தேதி வரைதான் பொறுப்பார்கள்.

டார்லீன்


டேனர்ஸ் ஃபோர்க்
15 நவம்பர் 1997

அன்புள்ள அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது.

துப்பாக்கி என்னிடம்தான் இருக்கிறது. எட்டாம் தேதி அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எப்படியும் தெரியப் போகிற விஷயம், டாக்டர் முகத்தைப் பார்த்தே தெரியட்டும் என்று போனேன். நல்ல கம்பளிக் கோட்டு, வெள்ளைக் கையுறை. கையுறையைத் துப்பாக்கிக்காகவே கொண்டுவந்திருந்தார். மெர்ல் துணியைப் பிரித்தார்.

"என்னடா இது?"

"அதே துப்பாக்கிதான் அண்ணே."

"யாருடா பண்ணினது? குடிச்சிருந்தானா?"

"நான்தான். குடிக்கல."

பின்பக்க இரும்பில் இரண்டு துளை. ஞாயிற்றுக்கிழமை மில்லின் துளை போடும் மிஷினில் வைத்துப் போட்டேன். அடிக்கட்டையில் ஓர் அங்குலம் அறுத்து ரப்பர் ஒட்டினேன். மெர்ல் துளையில் நகத்தை வைத்துப் பார்த்தார். "ஒண்ணு கோணலா வேற இருக்கு."

"கை தவறிடுச்சு. அதுலதான் வெரலும் வெட்டுப்பட்டுச்சு."

டாக்டர் கையுறையை மாட்டவே இல்லை. "தெரியாம செஞ்சுட்டீங்களா தம்பி?" என்றார், ரொம்ப மெதுவாக, பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் கேட்பார்களே அந்தக் குரலில்.

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன். எனக்குக் கட்டுப்படியாகணும்ல. மெர்ல் அண்ணே, இப்ப இதுக்கு என்ன வெல?"

"நானூத்தம்பது. அதச் சொல்லவே வாய் கூசுது."

"எழுதிக் குடுங்க."

"டாக்டர் அழுதுருவார் போல இருக்குடா."

"அழட்டும். அழறதுக்கு அவர்கிட்ட காசு இருக்கு."

சீட்டு இதோடு இருக்கிறது. நானூற்றைம்பது டாலருக்கு மணியார்டரும் இருக்கிறது. என் துப்பாக்கிக்கு நான் கொடுக்கும் நியாயமான சந்தை விலை.

உன் அக்டோபர் கடிதம் வந்தபோது துளை போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஓக் பெட்டியைப் பற்றிய வரியை நான் பல தடவை படித்தேன். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதாமல் இருந்தேன்.

கர்ட்டிஸ்


டூசான்
22 நவம்பர் 1997

கர்ட்டிஸ்,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

சீட்டைத் தொலைநகலில் அனுப்பினேன். அலுவலகத்து அம்மா மேலதிகாரியைக் கேட்டுவிட்டுச் சொன்னார். சொத்து எங்கள் கோப்புக்கு வந்தபோது மதிப்பு இரண்டாயிரத்து நானூறு. அதன்பிறகு அதை நீங்கள் கெடுத்தால் அது உங்கள் இஷ்டம். கொடுத்தது நானூற்றைம்பது, மிச்சம் தானம். டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து பத்தொன்பது நாளுக்கு அப்பாவுக்குப் பணம் கட்டமாட்டார்கள். "விதியில மனசுக்கு எடம் இல்லம்மா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். அதை வைத்து நான் என்ன செய்ய?

இல்லத்தில் கேட்டேன். முன்பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த நாட்களுக்கு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இருபதாம் தேதி கட்டில் காலியாக இருந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். 'இருந்தால்.'

அப்பா கணக்கில் இருந்ததும் உன் நானூற்றைம்பதும் இல்லத்தின் பழைய பாக்கிக்கே போய்விட்டது. என்னிடம் நூற்றைம்பது டாலர் இருந்தது. இதில் வைத்திருக்கிறேன். மாமாவுக்கு ஜூலையிலேயே வேலை போய்விட்டது. எழுதவில்லை, அவ்வளவுதான்.

துப்பாக்கி கெட்டிருந்தால் விலை குறையும் என்று நான் ஒரு வரி எழுதினேன். அந்த வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைப் பற்றி நான் இனி எழுதப் போவதில்லை. நீயும் எழுதாதே.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. மாத்திரைகளை எழுதி வாங்கிக்கொள். அடுப்பில் கேஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

டார்லீன்


டேனர்ஸ் ஃபோர்க்
3 டிசம்பர் 1997

அன்புள்ள அக்கா,

அப்பா என்னோடு இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். திங்கட்கிழமை அவரை மலைக்குக் கூட்டிப்போனேன். மான் கிடைக்கவில்லை. கொஞ்சம் இருமல் இருக்கிறது. உன் நூற்றைம்பதில் கேஸ் நிரப்பினேன்.

கர்ட்டிஸ்


டூசான்
11 ஜனவரி 1998

அன்புள்ள தம்பிக்கு,

பஸ்ஸில் வந்து சேர்ந்த அலுப்பு இன்னும் போகவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மில்லில் நாள் கூட்டினார்களா? மாமா ஒரு கடையில் காவலுக்குப் போகிறார், உட்கார்ந்தே பார்க்கலாம் என்பதால்.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பயனாளி டிசம்பர் பன்னிரண்டாம் தேதி மறைந்ததால் கோப்பு முடிக்கப்பட்டது என்று நாலு வரி. யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை. அந்த அம்மா கீழே தன் கையால் 'வருந்துகிறேன்' என்று எழுதியிருந்தார்.

அந்தப் பெட்டியை என்னால் மறக்க முடியவில்லை, கர்ட்டிஸ். தூக்கும்போது அடிப்பலகை முனகியது. உனக்கும் கேட்டிருக்கும். சர்ச்சுப் பெண்கள் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, கல் எப்போது வைப்பீர்கள் என்று கேட்டபோது நீ வெளியே போய்விட்டாய். உன்னைத் திட்ட நான் இதை எழுதவில்லை. அந்த இரண்டு நாளும் திட்டத்தான் நினைத்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்லறையில் மெர்ல் என்னிடம் வந்தார். "உங்க தம்பி துப்பாக்கிய எங்கிட்டயே போட்டுட்டுப் போயிட்டான்மா. விக்கவான்னு கேட்டா பேச மாட்டேங்கறான். என்ன வெல எழுதி மாட்டறதுன்னு எனக்கும் தெரியல" என்றார். இருமல் முற்றி அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே நீ அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாயாம். அதற்காகத்தானே இவ்வளவும்?

திங்கட்கிழமையைப் பற்றி நீ இரண்டே வரி எழுதினாய். மலையில் என்ன நடந்தது? அப்பா ஏதாவது சொன்னாரா? கடைசியாக அவரோடு பேசியவன் நீ. எனக்கும் அதில் பங்கு உண்டு.

அக்கா,
டார்லீன்


டேனர்ஸ் ஃபோர்க்
25 ஜனவரி 1998

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே முழங்கால் அளவு பனி. மில்லில் இன்னும் மூன்று நாள்தான்.

நீ கேட்டதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்ததிலிருந்து அவர் என்னை ஒரு தடவையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் திங்கட்கிழமை விடிவதற்குள் அவரே எழுந்து, என் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தார். அவரை எப்படி அக்கா உள்ளே வைத்துப் பூட்டுவது? என்னிடம் இருந்த எல்லாத் துணியையும் அவர்மேல் போட்டேன். என் டிரக்கில் ஹெம்லாக் தோப்பு வரை போனோம். அதற்கு மேல் அவரால் நடக்க முடியாது. மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் காபி குடித்தார். மலையின் அந்தப் பக்கம் யாரோ சுடத் தொடங்கினார்கள். "வடக்குச் சரிவுல" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

பிறகு இரண்டு கையையும் நீட்டினார். போல்ட்டைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டி, துப்பாக்கியைக் கொடுத்தேன். அவர் அதைத் தோளுக்கு ஏற்றினார், எப்போதும் போல ஒரே வீச்சில். ஏற்றின வேகத்தில் கன்னம் கட்டையைத் தேடியது. கிடைக்கவில்லை. இறக்கினார். மறுபடி ஏற்றினார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, ரப்பரைத் தடவினார். விரல் மெதுவாக மேலே ஊர்ந்து பின்பக்க இரும்புக்குப் போனது. முதல் துளையில் நின்றது. அடுத்ததில் நின்றது. கோணலாக இருக்கும் அதில் ரொம்ப நேரம் நின்றது.

அப்புறம் அவர் போல்ட்டைத் திறந்தார். உள்ளே காலி என்று விரல் விட்டுப் பார்த்தார். குழலைத் தரைப்பக்கம் சாய்த்து என்னிடம் நீட்டினார். வெளியாளின் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"நல்ல துப்பாக்கிதான் தம்பி. ஆனா யாரோ கெடுத்து வெச்சிருக்கான்."

"ஆமாங்க."

"எவ்வளவு குடுத்தே?"

"நானூத்தம்பது."

"உன்ன நல்லா ஏமாத்திட்டாங்க." அவருக்கு என்மேல் உண்மையாகவே பரிதாபம். என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். "எங்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ஒரு கீறல் இல்ல. நம்ம பையன்கிட்டதான் குடுத்து வெச்சிருக்கேன். வீட்டுப் பக்கம் வந்தா பாரு, எப்படி வெச்சிருக்கான்னு."

"விலைக்குக் கேட்டா குடுப்பாருங்களா?"

"அவனா?" அப்பா சிரித்தார். அப்போதுதான் இருமல் தொடங்கியது. அது நிற்கும்வரை காத்திருந்து சொன்னார், "யார் எவ்வளவு காச நீட்டினாலும் அவன் குடுக்க மாட்டான் தம்பி. அதுல கையே வெக்க மாட்டான்."

மாமாவைக் கேட்டதாகச் சொல். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கர்ட்டிஸ்